தரைக்கு மேல் ஒரு முழம்

நம் நாட்டு வீடுகளில் ஒரு காலத்தில் கள்ளிப்பெட்டி இல்லாத வீட்டைக் காண்பது அரிது. துறைமுகத்திலும் இரயிலடியிலும் சரக்கை இறக்கிய பின் மிஞ்சும் மெல்லிய மரப்பெட்டியைக் கடைக்காரரிடம் சொல்லி வைத்து வாங்கி வருவார்கள். கவிழ்த்தால் அது பிள்ளைகளின் எழுதுமேசை. நிமிர்த்தினால் புளியும் மிளகாயும் கொள்ளும் பெட்டி. பக்கவாட்டில் நிறுத்தி நடுவே ஒரு பலகை அடித்தால் அலமாரி. மண்ணெண்ணெய் வந்த தகர டின் தோட்டத்துக்குத் தண்ணீர் சுமந்தது. ஒரு பொருள் தன் முதல் வேலையை முடித்த பின்னும் இரண்டாம் வேலைக்கு உரியது என்பதை நம் முன்னோர்க்கு எவரும் பாடம் சொல்லித் தரவில்லை.

இன்று அக்கள்ளிப்பெட்டியின் இடத்தைப் பிளாஸ்டிக் பெட்டி பிடித்துக்கொண்டது. தக்காளி விளைவிக்கும் உழவர் அதனைக் கிரேடு என்கிறார். பால் முகவர் டப் என்கிறார். மீன்துறையில் அது வெறும் பெட்டி. கைப்பிடி உடைந்தோ, அடித்தட்டு விரிந்தோ சந்தைக்கு உதவாமற்போன பெட்டிகள் தோட்டத்து மூலையிலும் மாட்டுக் கொட்டகையின் பின்புறத்திலும் கிடக்கக் காண்கிறோம். அவற்றை வீட்டில் இருக்கையாகவும், மூட்டை வைக்கும் மேடையாகவும், அலமாரியாகவும் பயன்கொள்வது எவ்வாறு, அங்ஙனம் செய்யுங்கால் விலக்க வேண்டியவை எவை என்பவற்றை ஊராட்சி உறுப்பினர்களும் உழவர் பெருமக்களும் அறிய வேண்டி இக்கட்டுரையை எழுதுகிறோம். இதனை எழுதத் தூண்டியது, சென்னை மாநகரின் வடபகுதியிலுள்ள வியாசர்பாடியில் நாம் கேட்டறிந்த ஒரு நிகழ்ச்சியாகும். கிராமங்களில் நாம் கூறிவந்த ஒரு யோசனை தவறு என்பதும் அங்கேதான் நமக்கு விளங்கிற்று.

வியாசர்பாடியில் கண்டது

வியாசர்பாடி உழைப்பாளிகள் மிகுந்த பகுதி. பக்கிங்காம் கர்நாடிக் ஆலை 1996இல் மூடப்படும் வரை இப்பகுதிக் குடும்பங்கள் பலவற்றுக்கு அதுவே வாழ்வளித்தது. வடமேற்கே மாதவரத்தில் ஆவின் பால்பண்ணை இருக்கிறது. கிழக்கே காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. ஆகவே பாலும் மீனும் காய்கறியும் சுமந்து பிளாஸ்டிக் பெட்டிகள் நாள்தோறும் இத்தெருக்களைக் கடந்து செல்கின்றன. பழையன காயலான் கடைகளில் எடைக்கு வருகின்றன. பத்தடிக்குப் பத்தடி அறையில் ஐந்து பேர் வாழும் வீடுகளில் அப்பெட்டிகளே கட்டிலுக்குக் கால், தொலைக்காட்சிக்கு மேடை, பிள்ளைகளுக்குப் படிப்பு மேசை.

இப்பகுதி தாழ்வான நிலம். கேப்டன் காட்டன் கால்வாய் இதன் ஊடே செல்கிறது. பெருமழை பெய்தால் கால்வாய் நிரம்பித் தெருவுக்கு வருகிறது. தெரு நீர் வீட்டுக்கு வருகிறது. 2015ஆம் ஆண்டு டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023ஆம் ஆண்டு டிசம்பரிலும் வடசென்னை மக்கள் பட்ட அல்லல் நாடறிந்தது. நாம் உறவினர் ஒருவரைக் காணச் சென்றிருந்தபோது, அவருடைய அண்டை வீட்டு அம்மையார் 2023ஆம் ஆண்டின் அவ்விரவைப் பற்றிக் கூறினார்.

அவர் வீட்டில் ஓர் இரும்புப் பெட்டி உண்டு. துணிமணிகள், குடும்ப அட்டை, மூத்த மகளின் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள் ஆகிய யாவும் அதற்குள் இருந்தன. மழை பிடித்ததும் இரண்டு பிளாஸ்டிக் பெட்டிகளை அருகருகே வைத்து, மேலே ஒரு பலகையிட்டு, அதன்மேல் இரும்புப் பெட்டியை ஏற்றிவிட்டு, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மாடி வீட்டாரிடம் சென்றார். காலையில் இறங்கி வந்து பார்த்தபோது இரும்புப் பெட்டி தண்ணீரில் கவிழ்ந்து கிடந்தது.

“தண்ணீர் வந்தது ஒரு சாண்தான், சார். பெட்டி இருந்த உயரத்துக்கு அது வரவே இல்லை. தாங்கி நின்றதே மிதந்து சாயும் என்று எனக்கு எப்படித் தெரியும்?” என்று அவர் கேட்டார். சான்றிதழ்களின் எழுத்துக் கலைந்து போயிற்று. மறுபடி பெறுவதற்கு அலைந்ததில் பல நாள் கூலி போயிற்று. மகள் கல்லூரியில் சேரும் நேரத்தில் மனக்கலக்கம் ஏற்பட்டது.

அவர் பயன்படுத்தியவை சுவர் மூடிய பெட்டிகள். கிராமக் கூட்டங்களில் நாமும் அதுவரை, “சுவர் மூடிய பெட்டியே நல்லது, எலி நுழையாது, தூசி சேராது” என்றே சொல்லி வந்தோம். அம்மையாரின் கேள்விக்கு உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. பின்னர்க் கணக்கிட்டுப் பார்த்தே காரணத்தை உணர்ந்தோம். அக்கணக்கைப் பின்னே விளக்குவோம். முதலில் பெட்டியின் இயல்பை அறிதல் நலம்.

பெட்டியின் இயல்பு

இப்பெட்டிகளிற் பெரும்பாலானவை உயர் அடர்த்தி பாலித்தீன் என்னும் பொருளாலும், சில பாலிபுரொப்பிலீன் என்னும் பொருளாலும் ஆனவை. இரண்டும் பெட்ரோலியத்திலிருந்து பெறப்படுபவை. உயர் அடர்த்தி பாலித்தீனை எளிய அழுத்தத்தில் செய்யும் வழியை ஜெர்மானிய வேதியியலறிஞர் கார்ல் சீக்ளர் 1953இல் கண்டார்; இத்துறையில் ஆற்றிய பணிக்காக அவருக்கும் இத்தாலிய அறிஞர் ஜூலியோ நாட்டாவுக்கும் 1963இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. பெட்டியின் அடியில் முக்கோணக் குறிக்குள் 2 என்னும் எண் இருப்பின் அது முன்னது. 5 என்று இருப்பின் பின்னது.

இப்பொருளுக்கு நற்குணங்கள் உள. துரு ஏறாது; கறையான் அரிக்காது; ஈரத்தில் மக்காது; கழுவினால் தூய்மையாகும். குறைகள் நான்கு. அவற்றை மறத்தலாகாது.

ஒன்று, இது நீரைவிட இலேசானது, ஆதலின் மிதக்கும். இரண்டு, வெப்பம் தாங்காது. உயர் அடர்த்தி பாலித்தீன் ஏறத்தாழ 130 பாகை செல்சியசில் உருகும், அதற்கு வெகுமுன்னரே இளகும். மூன்று, வெயிலில் நெடுநாள் கிடந்தால் சூரியனின் புறஊதாக் கதிர்களால் முறுகி நொறுங்கும். நான்கு, ஒரே இடத்தில் மாதக்கணக்கில் பாரம் அழுத்தினால் ஒடியாமலே மெல்ல மெல்ல வளைந்துபோகும். பாரத்தை எடுத்த பின்னும் பழைய நிலைக்கு முழுவதும் திரும்பாது.

யாருடைய பெட்டி?

செய்முறையில் இறங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி இது. பால் டப்பின் பக்கத்தில் பால் நிறுவனத்தின் பெயர் அச்சிடப்பட்டிருக்கும். அது பாலோடு விற்கப்பட்ட பொருளன்று. காலியாகித் திரும்பிச் செல்ல வேண்டிய பொருள். இரவல் வாங்கிய அண்டாவைப் போன்றது அது. பத்து டப்புகள் பத்து வீடுகளில் முக்காலியாகிவிட்டால், மறுநாள் பால் ஏற்றப் பத்து டப்புகள் குறையும். அச்செலவு கடைசியில் பால் கறந்து ஊற்றும் உழவரின் கணக்கிலேயே வந்து விழும். கூட்டுறவுச் சங்கங்களில் உறுப்பினராயுள்ள நம் உழவர்கள் இதனை எளிதில் உணர்வர். அமெரிக்க நாட்டின் பல மாநிலங்களில், நிறுவனத்தின் பெயர் பொறித்த பால் பெட்டியை உரிமையாளர் ஒப்புதலின்றி வைத்திருப்பது தண்டனைக்குரிய குற்றம்.

ஆகவே, பெயர் பொறித்த நல்ல பெட்டி கையிற் கிடைத்தால் திருப்பித் தருக. நமக்கு உரியவை மூன்று வகை: நாமே விலைக்கு வாங்கிப் பழசானவை, மண்டி வணிகரோ நிறுவனமோ கழித்து விற்றவை, காயலான் கடையில் சீட்டுப் பெற்று வாங்கியவை. புதிய பெட்டியை விலை கொடுத்து வாங்கி இருக்கை செய்வது சிக்கனமாகாது. அவ்விலைக்கு இருக்கையே வாங்கலாம்.

பொறுக்கி எடுத்தல்

பழைய பெட்டிகள் யாவும் ஒரே தரத்தன அல்ல. விதையைப் பொறுக்குவது போல் இவற்றையும் பொறுக்க வேண்டும்.

நான்கு மூலைகளும் அடித்தட்டும் நலமாயிருந்து, கைப்பிடி மட்டும் உடைந்த பெட்டி முதல் தரம். அது எப்பயனுக்கும் ஏற்றது. சுவரும் மூலையும் நலமாயிருந்து, அடித்தட்டில் இரண்டொரு கம்பி உடைந்த பெட்டி இரண்டாம் தரம். அது செருப்பு, வெங்காயம், விளையாட்டுச் சாமான் முதலிய இலேசான பொருள்களுக்குப் போதும். மூலை பிளந்ததும், வெயிலில் வெளுத்ததும் மூன்றாம் தரம். மூன்றாம் தரத்தைக் காயலான் கடைக்கே அனுப்புக.

வெயிலால் கெட்ட பெட்டியைக் கண்டறிவது எளிது. கையால் தடவினால் சுண்ணாம்பு போன்ற வெண்பொடி ஒட்டும்; நிறம் வெளுத்திருக்கும்; விளிம்பைக் கட்டை விரலால் அழுத்தினால் வளையாமல் நொறுங்கும், அல்லது மெல்லிய வெடிப்பொலி கேட்கும். இவற்றுள் ஓர் அறிகுறி தென்படினும் அப்பெட்டியின்மேல் மனிதர் அமர்தல் கூடாது.

பெட்டி முன்பு எதைச் சுமந்தது என்பதையும் விசாரித்தல் வேண்டும். பூச்சிமருந்து, அமிலம், சாயம் முதலியவற்றை ஏற்றிய பெட்டியை வீட்டுக்குள் கொணர்தல் ஆகாது. கழுவினாலும் ஐயம் நீங்காது. மீன் பெட்டியை முதலில் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி, பின்னர் ப்ளீச்சிங் பவுடர் கரைத்த நீர் ஊற்றிச் சிறிது நேரம் விட்டு, நல்ல நீரால் அலசி உலர்த்த வேண்டும். ப்ளீச்சிங் பவுடருடன் கழிப்பறை கழுவும் அமிலத்தை ஒருபோதும் கலக்கலாகாது. குளோரின் என்னும் நச்சு வாயு எழும்.

பாரம் இறங்கும் வழி

சந்தையில் தக்காளிப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து அடுக்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெட்டிக்கு 25 கிலோ என்று கொண்டால், அடிப்பெட்டியின்மேல் நான்கு பெட்டிகளின் பாரமாகிய 100 கிலோ இறங்குகிறது. ஆயினும் அது நசுங்குவதில்லை. ஏன்? அந்த 100 கிலோ நான்கு சுவர்களின் விளிம்பிலும் மூலைகளிலும் இறங்குகிறது. அடித்தட்டு தாங்குவதோ தன்னுள் இருக்கும் 25 கிலோவை மட்டுமே. சுவர், தூண்; அடித்தட்டு, பாய். தூணின்மேல் உத்திரம் வைக்கலாம்; பாயின்மேல் வைக்கலாமா?

அதே பெட்டியைக் கவிழ்த்து அதன் நடுவே 60 கிலோ எடையுள்ள ஒருவர் அமர்ந்தால், பாரம் முழுவதும் பாயின் நடுவில் விழுகிறது. சில நாள் தாங்கும், பின் குழியும், ஒருநாள் கிழியும். எனவே பாரத்தை எப்போதும் சுவருக்கும் மூலைக்கும் கொண்டுசெல்ல வேண்டும். அதற்கு விளிம்பிலிருந்து விளிம்பு வரை எட்டும் ஒரு பலகை போதும். இக்கட்டுரையிலுள்ள செய்முறைகள் அனைத்தும் இந்த ஒரு விதியில் அடங்கும்.

பெட்டிகள் நேருக்கு நேர் பொருந்தியிருக்கும்போதுதான் இவ்வலிமை உண்டு. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்காவில் இளைஞர் பலர் பால் பெட்டிகளைப் படிக்கட்டுப் போல் அடுக்கி ஏறி இறங்கும் விளையாட்டில் ஈடுபட்டனர். பெட்டிகள் சரிந்து, மணிக்கட்டும் தோளும் முறிந்து மருத்துவமனைக்குச் சென்றோர் பலர். நேராக வரும் பாரத்தைத் தாங்கும் அடுக்கு, பக்கவாட்டில் வரும் சிறு உதைப்பையும் தாங்காது என்பதற்கு இது சான்று. பரணை எட்டவும் விளக்கு மாட்டவும் பெட்டிமேல் ஏறி நிற்கும் பழக்கம் நம் வீடுகளிலும் உண்டு. அதனை விட்டொழித்தல் வேண்டும்.

செய்முறை மூன்று

காய்கறிப் பெட்டிகளிற் பரவலாகக் கிடைப்பது ஏறத்தாழ 54 செ.மீ. நீளமும், 36 செ.மீ. அகலமும், 29 செ.மீ. உயரமும் உடையது. கீழ்க்கண்ட கணக்குகள் அவ்வளவைக் கொண்டவை. உங்கள் பெட்டியை அளந்து அதற்கேற்ப மாற்றிக்கொள்க.

முதலாவது, இருக்கை. ஒரு முதல் தரப் பெட்டியைக் கவிழ்த்து வைக்கவும். முக்கால் அங்குலக் கனமுள்ள பலகையை 54க்கு 36 செ.மீ. அளவில் அறுத்து மேலே பொருத்தவும். பலகையின் நான்கு மூலைகளிலும் துளையிட்டு, பெட்டியின் கண்களோடு இரும்புக் கம்பியாலோ கேபிள் டையாலோ இறுகக் கட்டவும். கம்பியின் முனை உட்புறம் மடங்கியிருக்க வேண்டும். இன்றேல் சேலையைக் கிழிக்கும், குழந்தையின் கையைக் கீறும். அமருமுன் அதன்மேல் இரண்டு அரிசிச் சிப்பங்களை ஒருநாள் முழுதும் வைத்துச் சோதிக்கவும். மூலைகள் வளையாதிருப்பின் பயன்படுத்தலாம்.

இரண்டாவது, மூட்டை மேடை. உழவர் வீட்டுக்கு எல்லாவற்றினும் பயனுடையது இதுவே. நெல்லும் விதையும் தரையோடு ஒட்டியிருந்தால் தரையின் ஈரம் சாக்கில் ஏறும், பூஞ்சணம் பிடிக்கும், முளைப்புத் திறன் குன்றும். அரசுக் கிடங்குகளில் மூட்டைகளைத் தரையில் வைக்காது மரச்சட்டங்களின்மேல் அடுக்குவது இக்காரணம் பற்றியே. நம் முன்னோர் குதிருக்குக் கால் வைத்ததும், பரண் கட்டியதும், உறி தொங்கவிட்டதும் இதே அறிவினால்தான்.

நான்கு பெட்டிகளைக் கவிழ்த்து, இரண்டிரண்டாக நெருக்கி வைத்தால் 108 செ.மீ. நீளமும் 72 செ.மீ. அகலமும் உள்ள மேடை அமையும். பெட்டிகளை ஒன்றோடொன்று கட்டி, குறுக்கே மூன்று அல்லது நான்கு பலகைகளை இடவும். இதன்மேல் 40 கிலோ நெல் மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்கினால் மொத்தம் 120 கிலோ. பெட்டிக்கு 30 கிலோதான் வரும். அதற்கு மேல் ஏற்ற வேண்டா. நாட்பட்ட பாரம் பிளாஸ்டிக்கை வளைக்கும் என்று முன்னர்க் கூறியதை நினைவிற் கொள்க. மேடைக்கும் சுவருக்கும் இடையே ஓரடி இடம் விடுக. அவ்வழியே காற்றும் துடைப்பமும் செல்லும், எலி குடியேறாது.

மூன்றாவது, அலமாரி. பெட்டியின் வாய் நம்மை நோக்குமாறு பக்கவாட்டில் வைத்தால் அதுவே ஒரு தட்டு. இங்கே பாரம் பெட்டியின் மெல்லிய பக்கச் சுவரில் இறங்குவதால், ஒரு தட்டில் ஏழெட்டுக் கிலோவுக்கு மேல் வைக்கலாகாது. பள்ளிப் புத்தகமும் துணியும் வைக்கலாம். உரலும் அம்மியும் ஆகா. இரண்டு அடுக்குக்கு மேற்படின் சுவரில் வளையம் அடித்துக் கட்டியே தீர வேண்டும். தவழும் குழந்தை பிடித்து எழ முயல்வது முதலில் இத்தகைய அலமாரியைத்தான்.

தாங்கி ஏன் மிதந்தது?

இனி வியாசர்பாடி அம்மையாரின் கேள்விக்கு விடை காண்போம். பெட்டியின் நீளம் 54 செ.மீ., அகலம் 36 செ.மீ. இரண்டையும் பெருக்கினால் 1,944 சதுர செ.மீ. சுவர் மூடிய பெட்டி நீரில் ஒரு செ.மீ. அமிழ்ந்தால் 1,944 கன செ.மீ. நீரை, அஃதாவது ஏறத்தாழ இரண்டு கிலோ நீரை, விலக்குகிறது. விலக்கிய நீரின் எடை எவ்வளவோ அவ்வளவு விசையுடன் நீர் பெட்டியை மேலே தள்ளும். நீர் 10 செ.மீ. ஏறியதும் ஒரு பெட்டிக்கு 19 கிலோ. இரண்டு பெட்டிகளுக்கு ஏறத்தாழ 39 கிலோ. துணிமணி வைத்த இரும்புப் பெட்டியின் எடை அவ்வளவு இராது. ஆகவே தண்ணீர் ஒரு சாண் ஏறுவதற்கு முன்பே அவ்விரு பெட்டிகளும் இரண்டு தோணிகளாகி மேலெழுந்தன. மேலே கனம், கீழே மிதவை; சாய்ந்து கவிழ்ந்தது. அம்மையார் சிரத்தைக் குறைவாக எதையும் செய்யவில்லை. பெட்டியின் வகை மட்டுமே மாறிப்போயிற்று.

கண்கள் உள்ள, சல்லடை போன்ற சுவருடைய பெட்டியாயிருப்பின் தண்ணீர் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளியேறும், தோணியாகாது. ஆதலின் வெள்ளம் வரக்கூடிய இடங்களில் அடிப்பெட்டி சல்லடைச் சுவருடையதாகவே இருத்தல் வேண்டும். நாம் முன்பு கூறிவந்த யோசனையை இதன் மூலம் திருத்திக்கொள்கிறோம். மூடிய பெட்டிகள் மேட்டுநிலத்து வீடுகளுக்கும் மேல் அடுக்குக்கும் உரியவை. மூடிய பெட்டியே கிடைத்ததெனின், தச்சரிடம் கொடுத்து அடித்தட்டிலும் அதனை ஒட்டி நான்கு பக்கங்களிலும் அங்குல அகலத் துளைகள் பலவற்றை இடச் செய்க. மூடிய பெட்டியைக் கவிழ்த்து வைப்பதும் பயன் தராது. உள்ளே அடைபட்ட காற்றே அதனைத் தூக்கிவிடும்.

சல்லடைப் பெட்டியும் பாலித்தீனே ஆதலால் நீருக்குள் தன் எடையை இழந்துவிடும். ஓடும் நீர் அதனை நகர்த்தக்கூடும். எனவே வெள்ளத்துக்கென அமைக்கும் மேடையில் அடிப்பெட்டியை வாய் மேல்நோக்க வைத்து, உள்ளே ஐந்தாறு செங்கற்களை இடுக. நீருக்குள் செங்கல்லும் தன் எடையில் ஏறத்தாழ பாதியை இழக்கும் என்பதால், இரண்டொரு கல் போதாது. அதன்மேல் இரண்டாம் பெட்டியை நேராகப் பொருத்தி, இரண்டையும் கட்டி, மேலே பலகையிட்டு, எல்லாவற்றையும் சன்னல் கம்பியோடு கயிற்றால் பிணைத்துவிடுக. இங்ஙனம் அமைந்த மேடை தரைக்கு மேல் ஒரு முழத்துக்குக் குறையாமல் உயரும்.

அந்த முழமும் போதுமா என்பதை உங்கள் வீட்டுச் சுவரே சொல்லும். முன்பு வந்த வெள்ளத்தின் கறை சுவரில் இருப்பின் அதன்மேல் வண்ணத்தால் ஒரு கோடு இடுக. மேடையின் பலகை அக்கோட்டுக்கு ஒரு சாணேனும் மேலே இருக்கட்டும். பட்டா, சிட்டா, சான்றிதழ், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை நீர் புகாத பையிலிட்டு, மேடையை நம்பாமல் பரணிலேயே வைத்துவிடுவது இன்னும் நன்று. காகிதம் இலேசானது, அதனை உயரே வைக்க எவ்வளவு உழைப்பும் தேவையில்லை. நெல்லும் அரிசியும் கனமானவை. மேடை வேண்டுவது அவற்றுக்கே.

விலக்க வேண்டியவை

அடுப்பை, அது விறகடுப்பாயினும் எரிவாயு அடுப்பாயினும், பிளாஸ்டிக் பெட்டியின்மேல் வைக்கலாகாது. அப்பொழுது இறக்கிய சோற்றுப் பானையையும் வைக்க வேண்டா. கொசுவர்த்தி, குத்துவிளக்கு, மெழுகுவத்தி ஆகியவற்றுக்கும் இது இடமன்று. இப்பொருள் பற்றிக்கொண்டால் உருகிச் சொட்டும்; சொட்டுகின்ற துளியும் எரியும்.

வெயிலில் கிடக்கும் பெட்டியை ஆண்டுக்கொருமுறை சோதிக்க வேண்டும். கிணற்றடியில் இருக்கையாய் உள்ள பெட்டி, வீட்டுக்குள் இருப்பதைவிட விரைவில் கெடும். முதியோர் அமரும் இருக்கைக்குச் சாய்வும் கைப்பிடியும் இல்லாமையால், அவர்களுக்கு இதனைத் தருவது தகாது.

உடைந்த பெட்டியைக் குப்பையோடு எரிப்பது பெருங்கேடு. எடைக்குப் போட்டால் அதனை உருக்கி மீண்டும் பயன்கொள்வர். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களை 2019ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து நம் மாநிலம் தடை செய்துள்ளது. பலமுறை பயன்படும் இப்பெட்டிகள் அத்தடையில் சேர்ந்தவையல்ல. ஆயினும் தெருவிலும் வாய்க்காலிலும் எறிந்துவிட்டால் அவையும் நீரை அடைக்கும் குப்பையே ஆகும்.

ஊராட்சியின் பங்கு

ஊராட்சி உறுப்பினர்கள் செய்யக்கூடியவை சில உள. தூய்மைக் காவலர்கள் திரட்டும் பொருள்களிலிருந்து முதல் தரப் பெட்டிகளைத் தனியே எடுத்து வைக்கச் சொல்லலாம். நிறுவனங்களின் பெயர் பொறித்தவற்றை உரியவர்க்குத் திருப்பலாம். எஞ்சியவற்றால் அங்கன்வாடியில் விளையாட்டுச் சாமான் தட்டும், ஊர் நூலகத்தில் செய்தித்தாள் தட்டும் அமைக்கலாம். கிராம சபை கூடும் நாளில் மூட்டை மேடை ஒன்றைச் செய்து காட்டினால், கூட்டத்துக்கு வந்தவர் வெறுங்கையோடு திரும்பார். வாளி நீரில் மூடிய பெட்டி ஒன்றையும் சல்லடைப் பெட்டி ஒன்றையும் போல இரு சிறு டப்பாக்களை, ஒன்றில் துளையிட்டும் ஒன்றில் இடாமலும், மிதக்கவிட்டுக் காட்டினால் பள்ளிப் பிள்ளைகளும் ஒரே பார்வையில் புரிந்துகொள்வர்.

ஒன்றை இங்கே வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். வீட்டுக்குள் பெட்டி மேடை அமைத்துக்கொள்வது வடிகாலுக்கு ஈடாகாது. தண்ணீர் வீட்டுக்குள் வராமல் காப்பது பொதுநிறுவனங்களின் கடமை. வந்துவிட்டால் உடைமையைக் காத்துக்கொள்வது வீட்டாரின் திறமை. முன்னதைச் செய்யாமல் பின்னதை மட்டும் மக்களுக்கு உபதேசிப்பது முறையன்று. ஆகவே மேடை செய்து காட்டும் அதே கிராம சபையில், தூர் வாரப்படாத வாய்க்கால்களின் பட்டியலையும் படித்துத் தீர்மானம் நிறைவேற்றுங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன்னுள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை இவ்வேலைக்குப் போதும். கொட்டகையின் பின்னால் கிடக்கும் பெட்டிகளை எடுத்துக் கழுவுங்கள்; விளிம்பை அழுத்திப் பாருங்கள்; சுவர் மூடியதா, கண் உள்ளதா என்று பாருங்கள். வியாசர்பாடி அம்மையார் இப்போது சல்லடைப் பெட்டிகளில் செங்கல்லிட்டு, அவற்றைச் சன்னலோடு கட்டி வைத்திருக்கிறார். மகளின் புதிய சான்றிதழ்கள் பரணில் இருக்கின்றன. நம் கிராமத்து வீடுகளிலும் விதைநெல்லும் பிள்ளைகளின் படிப்பும் தரைக்கு மேல் ஒரு முழம் உயர்ந்திருக்கட்டும்.